டவரக்காவும் கிழக்குப் பக்கத்து இரைச்சலும்

வானொலி நிலையத்தில் அவளை எல்லாரும் டவரக்கா என்றே கூப்பிட்டார்கள். மத்திய அலையில் பேசும் சின்ன நிலையம் அது. ஒரு காலத்தில் பதினாலு பேர் வேலை பார்த்த இடத்தில் இப்போது மூன்றே பேர்: ஓய்வு பெறப்போகும் அறிவிப்பாளர், ஒரு காவலாளி, பிறகு இவள். வேலை உத்தரவில் டெக்னீஷியன் என்று போட்டிருந்தது. ஆனால் ஒலிபரப்புக் கருவி, கோபுரம், தண்ணீர் மோட்டார், திறக்க அடம்பிடிக்கும் கழிவறைக் கதவு, எல்லாம் அவள் தலையில்தான்.

அவள் கணவர் ஊரின் கிழக்குப் பக்கம் தையல் கடை வைத்திருந்தார். கடையில் நாள் முழுக்க மனைவியின் நிலையம்தான் ஓடும். ஒருநாள் மதியம் சாப்பிட வந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"இன்னைக்கும் உங்க ரேடியோவுல பேச்சே கேக்கல, ஒரே மழைச் சத்தம். துணி தைக்க வந்த அம்மா, 'ஐயோ, மொட்டை மாடியில துணி காயுது'ன்னு ஓடியே போயிட்டாங்க."

டவரக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இந்த இரைச்சல் பற்றித் தலைமை அலுவலகத்துக்குப் பதினொரு கடிதம் எழுதியிருந்தாள். கவனத்தில் கொள்ளப்பட்டது என்று பதினொரு பதில் வந்திருந்தது. அன்று நேராகப் போனைப் போட்டாள்.

"உங்க ஸ்டேஷனை யாரும்மா கேக்குறாங்க? கேக்க ஆளில்லாத இடத்துக்கு எதுக்கு ரிப்பேர்?" என்றார் அதிகாரி.

"யாருமே கேக்கலன்னா, கொரகொரங்குதுன்னு எனக்கு யாரு சார் வந்து சொல்றது?"

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை டவரக்கா அறிவிப்பாளர் முன்னால் போய் நின்றாள். "அண்ணே, நம்ம சத்தம் யார் வீட்டுல எப்படிக் கேக்குதுன்னு போன் பண்ணிச் சொல்லச் சொல்லுங்க."

"நம்ம குறையை நாமளே மைக்குல சொல்றதாம்மா? மானம் போயிடும்."

"சத்தமே போயிடுச்சு. மானத்தை மட்டும் வச்சுக்கிட்டு என்னண்ணே பண்ணப் போறோம்?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு மைக்கில் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது.

மேற்கே பள்ளிக்கூடத்து ஆயா, கணீரென்று கேட்கிறது என்றார். கிழக்கே ரொட்டிக் கடைக்காரர், தேனீக் கூட்டுக்குள் காதை வைத்த மாதிரி இருக்கிறது என்றார். ஒரு லாரி ஓட்டுநர், கிழக்கே ரயில்வே கேட்டைத் தாண்டினால் போச்சு என்றார். ஒரு பெரியவர் வாயாலேயே அந்த இரைச்சலைப் போட்டுக் காட்ட, அறிவிப்பாளர் அதை அப்படியே ஒலிபரப்பிவிட்டார். பன்னிரண்டு மணிக்குள் அறுபத்து மூன்று போன். டவரக்கா ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டு, இரைச்சல் என்று சொன்ன இடத்திலெல்லாம் ஊர் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைத்தாள். புள்ளிகள் எல்லாம் கிழக்கில்தான் குவிந்திருந்தன.

அவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. கோபுரத்துக்கு அடியில், மண்ணுக்குள், செப்புக் கம்பிகள் குடைக்கம்பி மாதிரி நாலாபக்கமும் விரிந்து கிடக்கும். ஒரு பக்கத்துக் கம்பி போனால் அந்தப் பக்கத்துக் குரலும் போச்சு.

காலை ஒலிபரப்பு முடிந்ததும் கருவியை நிறுத்திவிட்டு, மண்வெட்டியோடு கோபுரத்தின் கிழக்குப் பக்கம் போனாள். அங்கே நாற்பது மரக்கன்றுகள் வரிசையாக நின்றன. இரண்டு வருடத்துக்கு முன், நிலையத்தை அழகுபடுத்தத் தலைமை அலுவலகம் கொடுத்த கன்றுகள். அக்கா மகள் கல்யாணத்துக்காக அவள் நாலு நாள் விடுப்பில் போயிருந்தபோது ஆள் வைத்துக் குழி தோண்டி நட்டிருந்தார்கள். அன்றிலிருந்து தினமும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியவள் அவள்தான்.

முதல் கன்றின் பக்கத்தில் தோண்டினாள். வெட்டுப்பட்ட செப்புக் கம்பியின் நுனி பச்சை படிந்து எட்டிப் பார்த்தது. அடுத்த குழியிலும் அதே கதைதான். மண்வெட்டியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"என்னம்மா ஆச்சு?" என்று அறிவிப்பாளர் பதறிப்போய் ஓடிவந்தார்.

"எதிரியை நானே தண்ணி ஊத்தி வளர்த்திருக்கேண்ணே!"

அன்று மாலை அறிவிப்பாளர் நடந்ததை ஒலிவாங்கியில் ஒளிக்காமல் சொன்னார். மறுநாள் மதிய இடைவேளையில் ரொட்டிக் கடைக்காரர், லாரி ஓட்டுநர், இன்னும் எட்டுப் பேர் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். கணவர் கடையை மூடிவிட்டு வந்திருந்தார். பண்டக அறையில் தூசி பிடித்துக் கிடந்த கம்பிச் சுருள் வெளியே வந்தது.

"பேசாம கன்றுங்களைப் பிடுங்கிடலாமே?" என்றார் லாரி ஓட்டுநர்.

"அது என்ன பாவம் பண்ணிச்சு? கம்பியைச் சுத்திக் கொண்டுபோங்க," என்றாள் டவரக்கா.

மூன்று மதியங்கள் ஆயின. தினமும் கருவியை நிறுத்தி, தோண்டி, கம்பியைக் கன்றுகளைச் சுற்றி வளைத்து, ஒவ்வொரு முனையையும் அவளே பற்றவைத்தாள். மூன்றாம் நாள் மாலை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து லாரி ஓட்டுநர் போனில் கத்தினார்: "அக்கா, மைக்குல அண்ணன் இருமுறதுகூடக் கேக்குது!"

அறுபத்து மூன்று பேர் பட்டியலைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள். இந்தத் தடவை கடிதம் வரவில்லை, அதிகாரியே பேசினார். "இத்தனை பேரா?" என்று கேட்டவர், அடுத்த மாதம் புதுக் கம்பிச் சுருள் இரண்டு அனுப்பிவைத்தார்.

கேட்பவர்கள் அதோடு விடவில்லை. பழைய ரேடியோவைச் சரிசெய்ய யோசனை கேட்டுப் போன் மேல் போன். அறிவிப்பாளர் சனிக்கிழமை காலையில் கால் மணி நேரத்தை அவளுக்கு ஒதுக்கினார். இருபது வருடம் மற்றவர் குரலை ஊருக்கு அனுப்பியவள், முதல் தடவை ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்தாள். "வணக்கம்" என்பதையே இரண்டு தடவை சொன்னாள். பிறகு யாரோ ஏரியல் கம்பி பற்றிக் கேட்டார்கள். அவ்வளவுதான், பேச்சு பிடித்துக்கொண்டது. கால் மணி நேரம் முடிந்ததென்று அறிவிப்பாளர் கண்ணாடிக்கு அப்பால் இருந்து இரண்டு கையையும் ஆட்டியும் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.