ஸ்டோயங்கா அடிக்க மறுத்த வரி

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த ஸ்டோயங்கா, போஸ்னியப் போர்க் காலத்தில் செர்பியப் படையணி அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தவள். அதே படையில் இருந்த தம்பியை மலையில் பறிகொடுத்தவள். அவளைச் சுலபமாகத் துரோகி என்று சொல்லிவிட முடியாது.

படையணியின் இருபதாம் ஆண்டு நிறைவுக்கு முன்னாள் வீரர் சங்கம் ஒரு வரலாற்று நூல் போட்டது. சங்கத் தலைவர் ரத்தோமிர் கையெழுத்துப் பிரதியை இவளிடம் தட்டச்சுக்குக் கொடுத்தார். அதில், ‘ஜூனில் டோல்யானி கிராமம் விடுவிக்கப்பட்டது, மக்கள் தாமாக வெளியேறினர்’ என்று ஒரு வரி. அதை எடுத்துவிட்டு நடந்ததை எழுதினாள். அந்தக் கிராமத்து முஸ்லிம் ஆண்கள் அறுபத்து மூன்று பேரைப் படையணி ஆட்கள் பள்ளிக்கூடத்தில் அடைத்தார்கள். கைதிப் பரிமாற்றம் என்று சொல்லி பஸ்ஸில் ஏற்றினார்கள். பெயர்ப்பட்டியலை அடித்தவள் இவள்தான். பரிமாற்ற இடம் நான்கு மணி நேரத் தூரம். பஸ் நாற்பது நிமிடத்தில் காலியாகத் திரும்பியது.

ரத்தோமிர் அதை நீக்கிக் கொண்டுவர, இவள் மறுபடி எழுத, இப்படியே மூன்று தடவை. நான்காம் தடவை நானும் அவள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

“உன்ன வரலாறு எழுதச் சொல்லல ஸ்டோயங்கா. அடிச்சுக் குடுக்கத்தான் சொன்னோம்.”

“விடுவிச்சோம்னு போட்டிருக்கியே, யார்கிட்டேருந்து? அந்தக் கிராமத்துல ரொட்டி சுட்டுக்கிட்டிருந்த ஹில்மியாகிட்டேருந்தா?”

“அவங்களும் நம்மாளுங்களக் கொன்னாங்க.”

“கொன்னாங்க. அதையும் ஒரு பேர் விடாம அடிச்சிருக்கேன், என் தம்பி பேரோட. இத மட்டும் ஏன் முழுங்கணும்?”

அவர் தாள்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார். வேறொருவர் அடித்துப் புத்தகம் வெளிவந்தது, அதே வரியோடு. நன்றிப் பட்டியலில் இவள் பெயரையும் போட்டிருந்தார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுவாரமே சரயேவோ போய், போர்க்குற்றம் விசாரிப்பவர்களிடம் சொன்னாள். எழுதிக் கொடு என்றார்கள், கொடுத்தாள். பதினோரு மாதம் கழித்துத்தான் விசாரிக்க ஆள் வந்தது. பஸ் ஓட்டியவன் அன்றைக்குப் பூட்ஸைக் கழுவ அலுவலகத்துக்கு வந்தான், அதில் சுண்ணாம்பு அப்பியிருந்தது என்றாள். ஊரில் சுண்ணாம்புக் குழி ஒன்றே ஒன்று. தோண்டினார்கள். ஐம்பத்தெட்டு பேர் கிடைத்தார்கள். கட்டடத்தில் பாதிப்பேர் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

அடக்கத்துக்கு ஸ்வீடனிலிருந்து வந்த ஹில்மியாவின் மகள் அவளைத் தேடி வந்தாள். நன்றி சொல்லவில்லை.

“இருபது வருஷமா ஏன் சொல்லல?”

“பயந்தேன்” என்றாள் ஸ்டோயங்கா.

அந்தப் பெண் படியிறங்கிப் போய்விட்டாள்.