எண்ணெய்க் கை

திருக்காட்டுப்பள்ளியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அந்த மனிதரை நினைத்தால் இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஒட்ட வெட்டிய மீசை, நெற்றியில் சந்தனம், மடிப்புக் கலையாத சட்டை. ஆள் சுத்தம்தான். ஆனால் எந்நேரமும் வடை தின்பார். கையில் அகப்படும் தாளில் விரல்களைத் துடைத்து, கடைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் எறிவார்.

எங்கள் மாதா கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கரையான் தின்று முடிப்பதற்குள், மூன்று வருடம் உட்கார்ந்து நான் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தேன். பதிவேடு பிறகு தூளாகிவிட்டது. புது விண்டோஸ் போட்டதும் பாதுகாப்பு சிப் கோளாறு என்று கம்ப்யூட்டர் திறக்க மறுத்தது. அவர் கடைக்குத் தூக்கிப் போனேன்.

"சிப்பை ரீசெட் பண்ணாதான் சார் சரியாவும்" என்றார் அவர்.

அப்படிச் செய்தால், பாதுகாப்புக்காக நான் பூட்டி வைத்திருந்த கோப்புகளைத் திறக்க நாற்பத்தெட்டு இலக்க எண் வேண்டும். முன்பே அச்சிட்டு வைத்திருந்த ஒரே தாளை அவர் மேஜையில் வைத்து, "பத்திரமா வச்சுக்குங்க" என்றேன்.

ரீசெட் முடிந்தது. திரை எண்ணைக் கேட்டது.

"அந்தத் தாள் எங்கங்க?"

அவர் வாய்க்காலைப் பார்த்தார். முறை வைத்துத் திறந்துவிட்ட தண்ணீர் நுரைத்து ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கொஞ்சமும் கூசாமல் சொன்னார்:

"எண்ணெய்க் கையோட உங்க கீபோர்டைத் தொட முடியுங்களா சார்?"

கல்யாணத்துக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்களை இன்று கையை விரித்துத் திருப்பி அனுப்புகிறேன். கீபோர்டு மட்டும் சுத்தமாக இருக்கிறது.