டிசி என்று எழுதியிருந்தது

மயிலாடும்பாறைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சராகச் சேர்ந்த இரண்டாம் வருடம், லண்டனிலிருந்து தங்கை ஒரு பார்சல் அனுப்பினாள். சாம்பல் நிற உல்லன் நூல், ஒரு குரோஷா ஊசி, அந்த ஊர்ப் பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு தாள். தாளில் நூலால் பின்னிய யானைக்குட்டியின் படமும் அதன் கீழே செய்முறையும் இருந்தன. அவள் மகளுக்கு நான் அதைப் பின்னித் தர வேண்டுமாம். அந்தக் குழந்தையை நான் நேரில் பார்த்ததே இல்லை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கென்று இருந்தது தங்கை ஒருத்திதான்.

நான் குடியிருந்தது மாடியில் ஓர் அறை. பள்ளி விட்டு வந்தால் மறுநாள் காலை வரை பேச ஆள் கிடையாது. குழாயில் தண்ணீர் வந்தால் கீழ்வீட்டு அம்மா குரல் கொடுப்பார், அவ்வளவுதான்.

செய்முறை வாக்கியமாகவே இல்லை. டிசி, எஸ்எஸ், நட்சத்திரக் குறி, அடைப்புக்குறி, எண்கள். எனக்குத் தெரிந்த டிசி, பள்ளியை விட்டுப் போகிற பிள்ளைக்குக் கொடுப்பது. கல்லூரி விடுதியில் அறைத்தோழி சொல்லிக்கொடுத்தது மெல்ல நினைவுக்கு வந்தது. சிங்கிள் குரோஷா என்றால் நெருக்கமான குட்டைப் பின்னல், டபுள் என்றால் இடைவெளி விழும் நெட்டைப் பின்னல். அப்படியானால் டிசி டபுள்தான் என்று ஆரம்பித்துவிட்டேன்.

அடைப்புக்குறி எனக்குப் பழகியது. "அடுத்த கண்ணியில் இரண்டு, அதற்கடுத்ததில் ஒன்று, இதையே ஆறு தடவை" என்று வகுப்பில் சொல்வதுபோலச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே பின்னினேன். அந்த அறைக்குள் என் குரலைக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது.

யானையின் தலை வளர்ந்தது, வளர்ந்துகொண்டே போனது. போடியில் வாங்கிய இலவம்பஞ்சை உள்ளே அடைத்தால் ஓட்டை ஓட்டையாக எல்லாப் பக்கமும் பிதுங்கியது. காய்ந்த துணி எடுக்க மாடிக்கு வந்த கீழ்வீட்டு அம்மா நின்று பார்த்தார்.

"என்ன டீச்சர் இது, பூசணிக்காயா?"

"யானைம்மா. தங்கச்சி மகளுக்கு."

"அவுக எப்ப ஊருக்கு வாறாக?"

"தெரியலம்மா."

அவர் துணிகளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை கூப்பிட்டபோது டிசியைப் பற்றி விசாரித்தேன். "எனக்குப் பட்டன்கூடத் தைக்கத் தெரியாதேக்கா. படம் அழகா இருந்துச்சு, அனுப்பிட்டேன்" என்றாள். பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை எல்லாவற்றையும் பிரித்தேன். நூல் சேமியாபோலச் சுருண்டு மடியில் கிடந்தது. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்த யானைக்கு உடம்பில் ஓர் ஓட்டைகூட இல்லை. பின்னல் அத்தனையும் குட்டை. தாளை மறுபடி மேலிருந்து கீழ்வரை படித்தேன். சிங்கிளுக்கான எஸ்சி என்ற குறியே எங்கும் இல்லை. அப்படியென்றால் லண்டனில் குட்டைப் பின்னலுக்குப் பெயரே டபுள். அது தெரியாமல்தான் இத்தனை நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. படியிறங்கிப் போனேன். கீழ்வீடு பூட்டியிருந்தது, குச்சனூர் கோயிலுக்குப் போயிருந்தார்கள். மேலே ஏறி வந்து முதல் கண்ணியிலிருந்து பின்னத் தொடங்கினேன்.

காது, தும்பிக்கை, வால் எல்லாம் சரியாக வந்தன. தேனிக்குப் போய் பார்சல் அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்த வாரம் தங்கை கூப்பிட்டாள்.

"அது இல்லாம தூங்க மாட்டேங்கிறாக்கா."

"லீவுக்கு வாறியா?"

"இந்த வருசம் முடியாதுக்கா. இவருக்கு லீவு இல்ல." "இந்தா, பெரியம்மாகிட்டப் பேசு" என்று குழந்தையிடம் போனைக் கொடுத்தாள்.

என்ன கேட்பதென்று தெரியாமல், "சாப்பிட்டியாம்மா?" என்றேன். குழந்தையின் மூச்சு மட்டும் கேட்டது. மொட்டை மாடியில் நான் நின்றிருந்த அந்த ஒரு மூலையில்தான் சிக்னல் கிடைக்கும். தங்கை போனைத் திரும்ப வாங்கும்வரை அசையாமல் அங்கேயே நின்றேன்.