கல்யாணப் பந்தலில் பார்மலின் டிரம்

மாதா கோயிலில் திருமணப் பூசை முடிந்து எல்லோரும் கல்யாண வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். பந்தலுக்குள் நுழைந்த நான் அந்த நீல டிரம்மைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். அது நிறைய எலுமிச்சை ஜூஸ். பாதி கிழிந்த லேபிளில் மண்டையோட்டுப் படம்.

கரிக்கலாம்பாக்கம் பக்கம் ஒரு பினாயில் கம்பெனியில் அப்போது நான் சேஃப்டி ஆபீசர். பேக்கிங் செக்‌ஷன் பிலோமினா அக்காவின் மகளுக்குத்தான் கல்யாணம். டிரம் எங்கள் கம்பெனியுடையது. பார்மலின் என்கிற விஷ மருந்து வந்த டிரம்.

அக்காவை ஓரமாக அழைத்தேன். "இந்த டிரம்ம யாரு குடுத்தாங்கக்கா?"

"மேனேஜர் சார்தாம்மா. கல்யாணத்துக்கு வச்சிக்கோன்னாரு. சோப்பு போட்டுத் தேய்ச்சி, வெயில்ல காய வச்சேன். வாடையே இல்ல. ஏம்மா, இன்னா ஆச்சு?"

"வாடை போனாலும் மருந்து போவாதுக்கா. பிளாஸ்டிக்ல ஊறிக் கெடக்கும். குடிக்கிறதுக்கு ஆவாது."

அதற்குள் அங்கே சம்பந்தியின் கையில் முதல் டம்ளர். வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

"சம்மந்தி, குடிக்காதீங்க! கீழ வையுங்க!"

அக்கா போட்ட சத்தத்தில் பந்தலே திரும்பிப் பார்த்தது. நான் அவசரமாக அக்காவின் காதில், "எறும்பு வுழுந்துடுச்சின்னு சொல்லுங்கக்கா, போதும்" என்றேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அவர் தலைகுனியக் கூடாதே என்றிருந்தது எனக்கு.

அவர் என் கையை விலக்கிவிட்டு ஒரு நாற்காலி மேல் ஏறினார்.

"இது எங்க கம்பெனி டிரம்மு. இதுல விஷ மருந்து இருந்துச்சி. கழுவினா போயிடும்னு நெனச்சிட்டேன். யாரும் தொடாதீங்க."

சம்பந்தி டம்ளரைத் தள்ளி வைத்தார். "தாகத்துல தொண்ட காயுது. போர் தண்ணியாவது குடும்மா" என்றார். முதலில் சிரித்தது அவருடைய மனைவிதான். பிறகு பந்தலே சிரித்தது.

ஜூஸை ஆட்கள் தூரத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். "நான் சொன்னபடியே சொல்லியிருக்கலாமே, அக்கா" என்றேன்.

"எறும்புன்னு சொன்னா ஜூஸத்தாம்மா கொட்டுவாங்க. நாளைக்கு டிரம்ம யாருனா வூட்டுக்குத் தூக்கிட்டுப் போவாங்க."

அவர் சொல்லி முடிக்கவில்லை, பக்கத்து வீட்டுப் பெண் தயங்கியபடி வந்தாள். "அக்கா, எங்க வூட்லயும் இதே டிரம்முதான். புள்ளைங்களுக்குக் குடிதண்ணி அதுலதான் புடிச்சி வைக்கிறோம்." அவள் கணவனும் எங்கள் கம்பெனிதான்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன். நல்ல மனிதர். "உதவி பண்றதா நெனச்சேனே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். டிரம் போன வீடுகளுக்கெல்லாம் புது டிரம் வாங்கிக் கொடுத்துப் பழையதைத் திரும்ப எடுத்தோம். காலி டிரம்களில் ஓட்டை போட்ட பிறகே கம்பெனி கேட்டுக்கு வெளியே விட்டோம்.

அதுவரை டிரெயினிங்கில் கிளவுஸ், மாஸ்க், கண்ணாடி பற்றித்தான் பேசுவோம். "தொடாதே" என்போம், ஏன் என்று சொல்ல மாட்டோம். அதன் பிறகு ஒவ்வொரு கெமிக்கலும் உடம்பை என்ன செய்யும், காலி கேனிலும் துணியிலும் எப்படித் தங்கும் என்று தமிழில் சொன்னோம். குடும்பத்தாரையும் கூப்பிட்டோம். பாதி வகுப்பை அக்காவே எடுத்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தொழிலாளிக்கு உண்மைக் காரணத்தைச் சொல்லுங்கள். அவர் அதை வீடுவரை கொண்டுபோவார்.