பேசாதே, பிளக்கைப் பிடுங்கு!

2006ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், இலங்கையில் தெஹியோவிட்ட டவுனில் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஒற்றை அறை அலுவலகத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபது வயது. ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு, கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்ததே நான்தான் என்கிற நினைப்பில் திரிந்த காலம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவிசாவளையில் சி புரோகிராமிங் வகுப்புக்குப் போவேன். மற்ற நாட்களில் இந்த அலுவலகத்தில் டைப் செய்யும் வேலை. சுற்றியுள்ள இறப்பர் தோட்டங்களில் அடையாள அட்டை இல்லாதவர்களின் விவரங்களைக் கேட்டுக் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பலருக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. எந்தத் தோட்டத்தில் பிறந்தார்கள், யார் சாட்சி என்று தோண்டித் துருவி நாலு மாதமாகச் சேர்த்த விவரங்கள். முதலில் பேப்பரில் எழுதிக்கொள்ளச் சொல்லியிருந்தார் பொறுப்பாளர். நான் நேராகவே டைப் செய்தேன். அவ்வளவு வேகமாம் என் கை! ஃப்ளாப்பியில் ஒரு பிரதி எடுத்து வைக்கவும் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

சனிக்கிழமை டவுனுக்கு அடையாள அட்டைக்கான நடமாடும் சேவை வருகிறது. கொழும்பிலிருந்து அதிகாரிகள் வந்து ஒரே நாளில் விண்ணப்பங்களை எடுப்பார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அந்த வருடம் மறுபடியும் சண்டை மூண்டிருந்தது. அடையாள அட்டை இல்லாத தமிழ்ப் பையன் கொழும்பில் ரோட்டில் நடப்பதே ஆபத்து. இறப்பர் பால் வெட்டும் அக்கா ஒருவரின் மகன் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். அட்டை இல்லையென்று பிடித்துக்கொண்டு போய்ப் பதினொரு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். வெளியே வந்த பிறகு அவன் கடை வாசலைக்கூடத் தாண்டுவதில்லை. மழை பெய்தால் பால் வெட்டு இருக்காது. அந்த நாட்களில் எல்லாம் அந்த அக்கா அலுவலகத்துக்கு வந்து ஒரே கேள்வியைக் கேட்பார். “எம்மவன் பேரு அதுல இருக்குல்ல புள்ள?”

அன்று புதன்கிழமை, காலையிலேயே நல்ல மழை. பொறுப்பாளர் இரத்தினபுரியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். எனக்கு ஓர் ஆசை. எந்தத் தோட்டப் பிரிவில் எத்தனை பேர் என்று தானாகவே எண்ணிச் சொல்லும் புரோகிராம் ஒன்றை சி மொழியில் எழுதி அவரை அசத்த வேண்டும். எழுதினேன். ஓடவில்லை. டெலிபோன் வயரைச் செருகி, கற்றுக்குட்டிகள் சந்தேகம் கேட்கும் ஒரு சாட் அறைக்குள் நுழைந்தேன். அங்கே யாருக்கும் முகமும் கிடையாது, ஊரும் கிடையாது. ஆளுக்கொரு புனைபெயர்தான். நான் எல்லோரையும் “சேர்” என்றே கூப்பிட்டேன். “குட் மார்னிங் சேர், ப்ளீஸ் ஹெல்ப் சேர்” என்று வரிக்கு வரி சேர். தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு மேலே இருப்பவர் சொன்னதைச் செய்துதான் பழக்கம், ஏன் என்று கேட்டுப் பழக்கமில்லை.

ஒருவர் ரொம்பத் தன்மையாகப் பேசினார். ஃபைல்கள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று விசாரித்தார். சொன்னேன். “சிஸ்டம்” என்று தொடங்கும் ஒரு வரியை அனுப்பி, இதைப் புரோகிராமின் தலையில் போட்டு ஓட்டிப் பார் என்றார். போட்டேன், ஓட்டினேன். கறுப்பு ஜன்னல் ஒன்று திறந்து, அழிக்கிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டிவிட்டு மூடிக்கொண்டது.

போய்ப் பார்த்தால் எல்லாம் காலி. மூன்று பிரிவுகளின் மூன்று ஃபைல்களும் இல்லை. கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியிலும் இல்லை. அந்தத் தன்மையான சேர், முதல் பாடம் என்று எழுதி ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டு அறையை விட்டுப் போய்விட்டார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

மழைக்கு வேலை இல்லாததால் ஏழெட்டுப் பேர் என் முதுகுக்குப் பின்னால் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த அக்காவும் இருந்தார். திரும்பிப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்போது வேறொருவர் தனி ஜன்னலில் வந்தார். அவருக்கும் ஒரு புனைபெயர்தான். அவர் கேட்ட முதல் கேள்வி, அதில் முக்கியமாக ஏதாவது இருந்ததா என்பதுதான். தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் மளமளவென்று எழுதினார். ஃபைல் அழிந்தாலும் எழுத்து இன்னும் டிஸ்கில்தான் கிடக்கும். அதன்மேல் வேறு ஏதாவது பதிந்தால்தான் ஒரேயடியாகப் போகும். நீ என்னோடு பேசுவதுகூட அங்கேதான் பதிந்துகொண்டிருக்கிறது. ஒழுங்காக ஷட்டௌன் செய்யாதே, அதுவும் எதையாவது எழுதும். பிளக்கைப் பிடுங்கு. மறுபடி போடாதே. டிஸ்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் இரண்டாவதாகப் பூட்டி, அங்கிருந்து மீட்டெடுக்கச் சொல்.

நம்புவதா? ஐந்து நிமிடம் முன்பு இன்னொரு முகம் தெரியாதவரை நம்பித்தானே இந்தக் கதி! இவரும் சேர்ந்து விளையாடினால்? பிளக்கைப் பிடுங்கினால் கம்ப்யூட்டரே செத்துப்போனால்? அதோடு, எனக்கு வழி சொல்ல உலகத்தில் இருந்த ஒரே ஆளும் போய்விடுவார். அதனால் கெஞ்சினேன். “ஆர் யூ ஷுவர் சேர்? ப்ளீஸ் சேர், டோன்ட் கோ சேர்” என்று டைப் செய்துகொண்டே இருந்தேன். கடைசியில் பெரிய எழுத்தில் ஒரே வரி வந்தது: பேசாதே, பிளக்கைப் பிடுங்கு.

பிடுங்கினேன்.

“என்னா புள்ள, கரண்டு போச்சா?” என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர். தலைக்கு மேலே பல்பு எரிந்துகொண்டிருந்தது.

பொய் சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. ஆனால் அழுகை முந்திக்கொண்டது. என் முட்டாள்தனத்தால் எல்லோருடைய விவரமும் அழிந்துவிட்டது, அவிசாவளைக்குக் கொண்டுபோனால் ஒருவேளை கிடைக்கலாம் என்று சொல்லி முடித்தேன். அந்த அக்கா எழுந்து வந்து கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

“இதுக்குள்ளதான் எம்மவன் பேரு இருக்கா?”

“இருக்கணும்க்கா.”

“அப்ப நானே தூக்கிக்கிட்டு வாரேன். நீ நடுங்குற, கீழ போட்டுருவ.”

மழைக்குப் போர்த்தி வந்த பொலித்தீனைக் கழற்றிப் பெட்டியில் சுற்றி, தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். வழியில் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். என்னிடம் அட்டை இருந்தது. அக்காவிடம் இல்லை. அவசரத்தில் அதை நான் யோசிக்கவேயில்லை. ஒரு சிப்பாய் அவரைத் தனியே நிறுத்தி, பெட்டியைக் கீழே வைக்கச் சொன்னான். தரையெல்லாம் சேற்றுத் தண்ணீர். அவர் வைக்கவில்லை. “பே மஹத்தயா, முடியாதுங்க, உள்ள தண்ணி போயிரும்” என்று சிங்களமும் தமிழுமாகச் சொல்லிக்கொண்டு அப்படியே நின்றார். சிப்பாயின் குரல் உயர்ந்தது. என்னால்தான், என்னால்தான் என்று எனக்குள் அடித்துக்கொண்டது. மகனைப் போல இவரையும் கொண்டுபோய்விட்டால் நான் எந்த முகத்தோடு திரும்பிப் போவேன்?

பஸ் கண்டக்டர் குதித்து ஓடி வந்தார். சிங்களவர், எங்களைத் தினமும் ஏற்றி இறக்குகிறவர். “மே அபே வத்தே மினிஸ்சு” என்றார். நம்ம தோட்டத்து ஆட்கள் என்று அர்த்தம். சிப்பாய் பொலித்தீனை விலக்கி, இரும்புப் பெட்டியில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினான். அந்தத் தட்டில் டிஸ்க் உடைந்துபோகும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு, போ என்று கையைக் காட்டினான்.

அவிசாவளையில் எங்கள் வகுப்புச் சேர் டிஸ்கைக் கழற்றி, அவருடைய கம்ப்யூட்டரில் பூட்டினார். அந்த முகம் தெரியாத மனிதர் சொன்ன ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து முதல் ஃபைல் திறந்தது. அப்புறம் இரண்டாவது. அதில் அக்காவின் மகன் இருந்தான். எந்த வரி என்று காட்டினேன். எழுத்துத் தெரியாத அவர் அந்த வரியின் மேல் விரலை வைத்து, எடுக்காமல் நின்றார்.

மூன்றாவது ஃபைல் பாதியில் சிதைந்துபோயிருந்தது. பாதிக்குக் கீழே வெறும் கிறுக்கல். அழிந்த பிறகு எவ்வளவு நேரம் மெஷினை ஓடவிட்டாய் என்று சேர் கேட்டார். கெஞ்சிக் கெஞ்சி டைப் செய்த வரிகள் கண்முன் வந்தன. பதினான்கு பேரின் விவரங்கள் அதில் போயிருந்தன. கடைசியாகப் பதிந்தவர்கள் அவர்கள். அதில் ஒருவர், பக்கத்தில் நின்ற அதே அக்கா. அவர் பிறந்தது அந்த மூன்றாவது பிரிவில். போன வாரம்தான், நான் வற்புறுத்தியதால், தன் விவரத்தையும் கொடுத்திருந்தார்.

சொன்னேன். “போகட்டும் புள்ள. அவன் பேரு இருக்குல்ல, எனக்கெதுக்கு ஐடென்டி? நான் எங்க போகப் போறேன்?” என்று சிரித்தார். இரண்டு மணி நேரத்துக்கு முன்புதான் அட்டை இல்லாமல் சேற்றில் நின்ற மனுஷி!

திரும்பும் பஸ்ஸிலேயே ஒரு பேப்பரில் அவருடைய விவரத்தை மறுபடி எழுதினேன். அடுத்த இரண்டு நாள் மழையில் தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்கி, மற்றப் பதின்மூன்று பேரிடமும் நடந்ததைச் சொல்லி, முதலிலிருந்து கேட்டு எழுதினேன். சனிக்கிழமை எல்லா விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் அந்தச் சாட் அறைக்குள் போய் அவருடைய புனைபெயரைத் தேடினேன். இல்லை. பல மாதம் தேடியும் கிடைக்கவில்லை. எந்த நாட்டுக்காரர், ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. அவருக்கு நான் நன்றி சொல்லவில்லை. அன்று அவர் சொன்னதும் நான் கெஞ்சாமல் உடனே பிளக்கைப் பிடுங்கியிருந்தால் அந்தப் பதினான்கு பேரும் தப்பியிருப்பார்கள்.

அவர்களில் ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. தேத்தண்ணி கொடுத்து, பொறுமையாக மறுபடியும் பதில் சொன்னார்கள். திட்டியிருந்தால் இந்தப் பயம் என்றைக்கோ போயிருக்கும். இத்தனை வருடத்துக்குப் பிறகும், ஒரு சின்ன ஃபைலை அழிக்க விரலை வைத்தாலும், இதற்குள் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்காமல் என்னால் அமுக்க முடிவதில்லை.