குசினி நிலமும் ஒரு செம்புத் தண்ணீரும்

"நீ பாலம் கட்டப் படிச்சனி, பிள்ளை. இது குசினி நிலம். உனக்கு ஏலாது," என்றார் சித்தப்பா, வாயில் பாதி ரோல்ஸுடன்.

பாரிஸில் சீமெந்துக் கட்டடங்களுக்கு டைல் பதித்துவிட்டு லண்டன் வந்தவர் அவர். இங்கே மிச்சம் பகுதியில் எங்கள் வீட்டுச் சமையலறையில், மரப்பலகைக்கு மேல் நேரடியாக அவர் பதித்த டைல்கள் ஒரு வருடத்துக்குள் வெடித்துவிட்டன. டைல் சரியில்லை என்பது அவர் கட்சி. நிலம் அசைகிறது என்பது என் கட்சி. கடைசியில் ஒரு உடன்பாடு: நிலத்தை நான் தயார் செய்வேன், சனிக்கிழமை அவர் வந்து பார்ப்பார். நிலம் ஆடினால் அம்மாவுக்கு இனி டைல் இல்லை, ஒட்டுகிற லினோ விரிப்புதான். அம்மாவுக்கு லினோ பிடிக்காது. கழுவின மாதிரியே இருக்காதாம்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அம்மா இடப்பெயர்வோடு எட்டாம் வகுப்பில் நின்றவர். ஆனால் என் பட்டப்படிப்பில் யாரும் பலகை கழற்றச் சொல்லித்தரவில்லை.

டைல்களைப் பெயர்த்தபோது பின்கதவடியில் இரண்டு பலகைகள் கேக் போல மெத்தென்றிருந்தன. குழாய் எதுவும் ஒழுகவில்லை. பிறகுதான் வெள்ளிக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. அம்மா வாளித் தண்ணீரை ஊற்றி, தும்புத்தடித் துடைப்பத்தால் பின்கதவு வழியே தள்ளித்தான் குசினி கழுவுவார், ஊர்ச் சீமெந்து நிலத்தைக் கழுவியது போல.

"நான் கழுவினதாலயோ பிழைச்சது?" என்று கேட்டார் அம்மா.

"பாதி அதால. மற்றப் பாதி சித்தப்பா."

"அப்ப அவரின்ர பாதியை மட்டும் அவரிட்டச் சொல்லு."

உக்கிய பலகைகளை மாற்றினேன். கீழே தாங்கும் மரங்களுக்கிடையே குறுக்குக் கட்டைகள் இறுக்கினேன். வெந்நீர்க் குழாய் ஓடும் இடங்களைச் சோக்கால் கீறிவிட்டு, மற்ற இடமெல்லாம் பழைய ஆணிக்குப் பதில் சாணுக்கொரு ஸ்குரூ. அதன்மேல் டைலுக்கென்றே விற்கும் சீமெந்துத் தகடுகளை, செங்கல் வரிசை போல மூட்டு மாற்றி, சுவரோரம் சிறு இடைவெளி விட்டுப் பதித்தேன். மூன்று நாட்கள் முழங்கால் மடங்கவில்லை.

சனிக்கிழமை சித்தப்பா வந்தார். அம்மா நிறைகுடத்துக்கு வைக்கும் செம்பை விளிம்புவரை நிரப்பி நடுக் குசினியில் வைத்தேன்.

"என்ன, பூசையோ?"

"பக்கத்தில நிண்டு குதியுங்கோ, சித்தப்பா."

சித்தப்பா மெலிந்த ஆள் அல்ல. குதித்தார். தண்ணீர் சற்று நடுங்கியது, சிந்தவில்லை. செம்பைப் பின்கதவடிக்கு நகர்த்தி, என்னைப் பார்த்தபடியே இன்னும் பலமாகக் குதித்தார். பிறகு குனிந்து, செம்பைச் சுற்றி நிலத்தைக் கையால் தடவினார். காய்ந்திருந்தது.

"எத்தினை ஸ்குரூ அடிச்சனி?"

"எண்ணேல்லை."

"சரி, டைலை எடுத்துக்கொண்டு வா."

அம்மா நிலம் துடைக்க மொப் வாங்கிவிட்டார். வாளியை இன்னும் எறியவில்லை.

மேல்மாடிக் குளியலறையும் பலகை நிலம்தான். குசினியில் சித்தப்பா கடைசி வரிசையைப் பதித்துக்கொண்டிருந்தபோது, குளியலறையில் கிடந்த லினோவை நான் சுருட்டி, எறிவதற்கு வாசலில் வைத்துவிட்டேன்.