சாய்ந்து வளர்ந்த புங்கமரம்

இஸ்திரிக்காரர் சிட்டிபாபு தென்னேரியில் பிறந்தவர். அவருடைய அப்பா பிறர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். மகனோ காஞ்சிபுரம் வந்து, நெசவாளர் தெரு ஒன்றின் மேற்கு முனையில் தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்த்தார். தலைக்கு மேல் சித்திரை வெயில், கையருகே கரி நெருப்பு. கிழக்கே அடுத்த வீட்டு வாசலில் கொஞ்சம் நிழல் உண்டு. ஆனால் பட்டு நெய்யும் வீட்டின் முன்னால் நெருப்புப் பொறி பறக்கக் கூடாதென்று அந்த வீட்டுக் கிருஷ்ணவேணி முதல் நாளே விரட்டிவிட்டாள்.

நிழலைத் தானே உண்டாக்கிக்கொள்வதென்று முடிவுசெய்து, 1994இல் ஆடி மழை விழுந்ததும் வண்டியருகே ஒரு புங்கங்கன்று நட்டார். கோடை தொடங்கும்போதே கொழுந்து விட்டுத் தழைக்கும், ஆடும் அவ்வளவாக வாய் வைக்காது என்பது அவர் கணக்கு. துணிக்குத் தெளித்து மிஞ்சிய தண்ணீரெல்லாம் கன்றுக்கே போயிற்று. பெற்ற பிள்ளைகளை இப்படி ஒரு நாளாவது விசாரித்ததுண்டா என்று மனைவி அன்னம்மாள் கேலி செய்தாள்.

மூன்றாம் ஆண்டு, ஆள் உயரத்தைத் தாண்டி மரம் கிளை விரித்த சமயம். ஒரு காலையில் சிட்டிபாபு வந்து பார்த்தார். தறியில் ஏற்றும் நெடுக்கு இழைகளான பாவைத் தெருநீளத்துக்கு நீட்டிக் கஞ்சி தெளித்திருந்தார்கள். பாவை இழுத்துக் கட்டும் முளைக்குச்சி ஆடிப்போயிருந்ததால், கிருஷ்ணவேணி பாவின் நுனியைப் புங்கமரத்தில் கட்டிவிட்டாள். கஞ்சி காயக் காயப் பட்டிழைகள் இறுகின. மரம் கிழக்கே வளைந்து, அடியில் மண் வெடித்திருந்தது.

சிட்டிபாபு முடிச்சில் கை வைத்தார்.

"அவுத்துடாதேப்பா. தளர்ந்தா இழையெல்லாம் சிக்கிக்கும். கல்யாணப் பொடவ."

"வேரு மேல வந்துக்கினு இருக்குது, பாத்தியாம்மா?"

இரண்டு பேருமே சொன்னது நியாயம். அவர் வண்டியைத் தள்ளிவந்து, சக்கரங்களுக்குக் கல் வைத்தார். பாவின் நுனியில் கோத்திருந்த கோலை முதலில் வண்டியோடு இறுக்கிக் கட்டிவிட்டு, அதன் பிறகே மரத்தின் முடிச்சை அவிழ்த்தார். பாவு காயும்வரை வண்டி நகராதபடி முதுகு கொடுத்து நின்றார். துணி வாங்க வந்தவர்களெல்லாம் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

மரம் பிழைத்தது, ஆனால் நிமிரவில்லை. முட்டுக்கொடுத்தும் பயனின்றிக் கிழக்குப் பக்கமாகவே தழைத்தது. 1999 கோடையில் அதன் முழு நிழலும் கிருஷ்ணவேணியின் வாசலில் விழ, நட்டவர் வெயிலில் நின்று தேய்த்தார். சில நாள் பார்த்தவள் ஒரு மதியம் வெளியே வந்தாள்.

"வண்டிய இங்க இட்டாந்து போடு. பொறி பறந்துச்சோ, உன்னையே மடிச்சு இஸ்திரி போட்டுடுவேன்."

வண்டி இடம் மாறியது. பாவு நீட்டும் நாட்களில் சிட்டிபாபு கரியே மூட்டுவதில்லை. எல்லாம் சுருட்டி உள்ளே போகும்வரை நிழலில் காலை நீட்டி, பாவின் முடிச்சை இன்னும் இறுக்கச் சொல்லி அவளை அதட்டிக்கொண்டிருப்பார்.